இரண்டாவது குலுக்கலை எண்ணுங்கள்: மின்சார எஸ்யூவிகளை ஓட்டி ஒப்பிட ஒரு முழு வழிகாட்டி

போன வருஷம் அக்கா வீட்டுக்கு ஒரு மின்சார எஸ்யூவி வாங்க சேலத்தில் மூன்று ஷோரூம் ஏறி இறங்கினோம். மூன்று இடத்திலும் ஒரே கதைதான். சேல்ஸ் தம்பி வண்டியை ஆளில்லாத ரோட்டுக்குக் கொண்டுபோவார், ஸ்போர்ட் மோடில் போடுவார், "சார், இப்ப மிதிங்க" என்பார். மாமா மிதிப்பார். முதுகு போய் சீட்டில் ஒட்டும். மாமா முகத்தில் சின்னப் பையன் சிரிப்பு ஒன்று வரும். பத்து நிமிஷத்தில் டெஸ்ட் டிரைவ் முடிந்து காபி வந்துவிடும், கூடவே புக்கிங் ஃபார்மும்.

மூன்று வண்டியிலும் அதே சிரிப்பு வந்ததுதான் சிக்கல். மின் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையையும் கொடுத்துவிடும். கிளட்ச் இல்லை, கியர் மாற்றம் இல்லை, டர்போ சூடு பிடிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. பதினைந்து லட்சத்து வண்டியும் முப்பது லட்சத்து வண்டியும் முதல் மூன்று விநாடியில் ஏறக்குறைய ஒரே மாதிரி பாயும். பிக்கப்பை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுத்தால், எல்லா வண்டியிலும் இருக்கிற ஒன்றை வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள். தரையடியில் சும்மா 300 முதல் 500 கிலோ வரை பேட்டரி கிடக்கிறது. அந்தப் பாரத்தை வண்டி எப்படிச் சுமக்கிறது, எப்படி நிறுத்துகிறது, எப்படித் திருப்புகிறது என்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியும். அதைக் கண்டுபிடிக்க நாங்கள் கடைசியில் செய்ததைத்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

நாங்கள் ஓட்டிய மூன்று வண்டிகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஷோரூம் வண்டியில் டயர் காற்றே முன்னே பின்னே இருக்கும்போது, ஒரே ஒரு வண்டியை ஓட்டிவிட்டு அந்த மாடலுக்கே தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. வெள்ளை, நீலம், சாம்பல் என்று நிறத்தால் கூப்பிடுகிறேன். கம்பெனிகளே அறிவித்த எண்கள் வரும் இடத்தில் மட்டும் மாடல் பெயர் வரும்.

முதல் படி: வீட்டிலேயே காகிதத்தில் வடிகட்டுங்கள்

ப்ரோஷரில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது டார்க், அதாவது நியூட்டன் மீட்டர் கணக்கு. மாமாவும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். "மாப்ள, இதுக்கு 380 போட்டிருக்கான், அதுக்கு 215தான்" என்று.

அந்த எண்ணைத் தனியாகப் பார்த்து ஏமாறாதீர்கள். 2019ல் இங்கே வந்த ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக்கின் டார்க் 395 நியூட்டன் மீட்டர். 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திரா பிஇ 6ன் டார்க் 380. கோனாதான் கூடுதல். ஆனால் 0வில் இருந்து 100 கி.மீ. வேகம் தொட கோனாவுக்கு 9.7 விநாடி, பெரிய பேட்டரி போட்ட பிஇ 6க்கு 6.7 விநாடி என்று கம்பெனிகளே சொல்கின்றன. காரணம் குதிரைத்திறன். கோனாவில் 136, பிஇ 6ல் 286. டார்க் என்பது திருகும் பலம். குதிரைத்திறன் என்பது அந்தப் பலத்தை எவ்வளவு வேகம் வரைக்கும் விடாமல் கொடுக்க முடியும் என்பது. கோனா சிக்னலில் துள்ளிக் கிளம்பும், ஆனால் வேகம் ஏற ஏற மூச்சு அடங்கிக்கொண்டே வரும்.

ஆகவே குதிரைத்திறனை வண்டி எடையால் வகுத்துப் பாருங்கள். எடை என்றால் காலி வண்டியின் எடை மட்டும் போதாது, உங்கள் குடும்பத்தையும் சேர்க்க வேண்டும். பிஒய்டி அட்டோ 3ன் எடை 1,750 கிலோ, குதிரைத்திறன் 204. ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 117 குதிரை வருகிறது. ஐந்து பேரும் பெட்டிகளுமாக 400 கிலோ ஏற்றினால் அது 95க்கு இறங்கிவிடும். மூன்று வண்டிக்கும் இப்படிக் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதிவிட்டால் பாதித் தகராறு வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

அதே தாளில் இன்னும் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்.

எந்தச் சக்கரம் இழுக்கிறது? நெக்ஸான் இவி, கர்வ் இவி, கிரெட்டா எலெக்ட்ரிக், அட்டோ 3 எல்லாம் முன் சக்கரத்தில் இழுப்பவை. பிஇ 6ம் எக்ஸ்இவி 9இயும் பின் சக்கரத்தில். 2025 ஜூனில் வந்த ஹாரியர் இவியில் பின் சக்கரமும் உண்டு, இரண்டு மோட்டார் வைத்து நான்கு சக்கரமும் இழுக்கும் வகையும் உண்டு. அழுத்தி மிதிக்கும்போது வண்டியின் எடை பின்னால் சாயும், முன் டயரின் பிடி குறையும். அதனால் முன் சக்கர வண்டி மழையில் கிளம்பும்போது சக்கரம் சுழன்று நிற்கும், ஸ்டீயரிங்கும் கையில் லேசாக இழுக்கும். பின் சக்கர வண்டியில் இந்தத் தொல்லை குறைவு.

பின்பக்க சஸ்பென்ஷன் என்ன வகை? நெக்ஸான், கர்வ், கிரெட்டா எலெக்ட்ரிக் மூன்றிலும் பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே முறுக்குத் தண்டு இணைக்கிறது. விலை குறைவு, இடமும் மிச்சம். ஆனால் இடது சக்கரம் குழியில் விழுந்தால் வலது சக்கரத்துக்கும் சேதி போய்விடும். ஹாரியர் இவி, பிஇ 6 போன்றவற்றில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனிக் கைகளில் நிற்கிறது.

மூன்றாவது, டயர் அளவு. நெக்ஸான் இவியில் 215/60 ஆர்16. இந்த 60 என்பது டயரின் அகலத்தில் பக்கச் சுவர் எத்தனை சதவீதம் என்பது, ஆக 129 மி.மீ. கர்வ் இவியில் 215/55 ஆர்18, அதாவது 118 மி.மீ. பக்கச் சுவர் குறையக் குறைய வளைவில் ஸ்டீயரிங் கூர்மையாகும். கூடவே குழியின் அடி நேராக உங்கள் இடுப்புக்கு வரும். பெரிய அலாய் வீல் போட்டோவில் அழகுதான். நான் வாங்குவதாக இருந்தால் ஒரு இன்ச் குறைவானதைத்தான் கேட்பேன்.

இரண்டாம் படி: எல்லா வண்டியையும் ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள்

எல்லாரும் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். நாங்களும் தாண்டித்தான் போனோம். வெள்ளை வண்டி கட்டை மாதிரி இருக்கிறது என்று முதல் நாளே ஒதுக்கிவிட்டோம். இரண்டாவது முறை போனபோது திரையில் டயர் காற்று அளவைத் தட்டிப் பார்த்தேன். நான்கிலும் 43, 44 பிஎஸ்ஐ. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் 35 என்று இருந்தது. கூடுதல் ரேஞ்ச், அதாவது ஒரே சார்ஜில் கூடுதல் தூரம் காட்டவா, யாரும் கவனிக்காமல் விட்டதா, தெரியாது. காற்றை இறக்கிவிட்டு அதே ரோட்டில் போனால் வேறு வண்டியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. டயர் ஓடிச் சூடானால் அளவு தானாகவே 3, 4 ஏறும். ஆகவே காலையில், வண்டி கிளம்புவதற்கு முன் பாருங்கள்.

பேட்டரி சார்ஜ் 50 முதல் 80 சதவீதத்துக்குள் இருக்கட்டும். வேகம் குறையும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்தை, அதாவது ரீஜெனை, நிரம்பிய பேட்டரியால் வாங்க முடியாது, பிரேக் வேறு மாதிரி இருக்கும். ரொம்பக் குறைந்த பேட்டரி முழுப் பவரைக் கொடுக்காது. 95 சதவீதத்தில் ஒரு வண்டியையும் 18ல் இன்னொன்றையும் ஓட்டிவிட்டு ஒப்பிடுவது, சாப்பிட்டவனையும் பட்டினி கிடந்தவனையும் ஓடவிட்டு யார் வேகம் என்று கேட்பது போல.

டிரைவ் மோடை நடுவில் வையுங்கள். மோட் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆனால் அன்றாடம் எதில் ஓட்டுவீர்களோ அதுதான் அளவுகோல். ஹாரியர் இவிக்குச் சொல்லப்படும் 6.3 விநாடி, பூஸ்ட் மோட் போட்டால் வருவது. பால் வாங்கப் போகும்போது யாரும் பூஸ்ட் போடுவதில்லை.

லேன் விலகாமல் ஸ்டீயரிங்கைத் தானே திருத்தும் உதவி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஸ்டீயரிங் கனமா, லேசா, நேரே நிற்கிறதா என்று நீங்கள் நினைப்பதெல்லாம் கம்ப்யூட்டரின் கையைப் பற்றிய கருத்தாகப் போகும். வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்சியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள்.

அப்புறம் ஆட்கள். மூன்று வண்டியிலும் அதே நான்கு பேர். என்னோடு வந்தவர்கள் மாமா, அக்கா, அம்மா. அம்மா பின் சீட்டில். இந்தப் பட்டியலில் அம்மாதான் முக்கியமான கருவி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூன்றாம் படி: முதல் பத்து நிமிஷம் ஊர்ந்து போங்கள்

சேல்ஸ் தம்பி அவசரப்படுத்தினாலும் நெரிசலுக்குள் போங்கள். நாங்கள் சேலம் ஐந்து ரோடு சந்திப்புப் பக்கம் போனோம். 5 முதல் 20 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டர் எப்படிப் பேசுகிறது என்று பாருங்கள். பாதம் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் வண்டியும் அதே அளவு நகர்கிறதா, இல்லை முதலில் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று முண்டுகிறதா? முன்னால் போகிற ஸ்கூட்டரோடு ஒட்டிப் போகிற இடத்தில் இந்த முண்டல் பத்தே நாளில் கால் வலியாக மாறும். சாம்பல் வண்டி இதில் தேர்வு எழுதாமலே தோற்றது.

யூ டர்ன் ஒன்று போடுங்கள். ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பி, ஒரே வீச்சில் திரும்புகிறதா என்று பாருங்கள். பின் சக்கரம் இழுக்கும் வண்டியில் முன்பக்கம் அச்சுத் தண்டு இல்லாததால் சக்கரம் இன்னும் கொஞ்சம் மடங்க இடம் இருக்கும். பிஇ 6 அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு 10 மீட்டர் வட்டத்தில் திரும்பும் என்று மஹிந்திரா சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காம் படி: பிக்கப்பை முதுகால் அளக்காதீர்கள்

எஞ்சின் சத்தம் இல்லாததால் மின்வண்டியில் வேகம் உறைக்காது. உடம்பு சொல்வதை நம்ப முடியாது. போனை எடுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்தவர் ஸ்பீடோமீட்டரை வீடியோ எடுக்கட்டும். 100 போக அனுமதி உள்ள, காலியான நான்கு வழிச்சாலையில் 40ல் சீராகப் போய், முழுசாக மிதித்து, 80 வந்ததும் காலை எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து 40 மாறும் ஃபிரேமில் இருந்து 80 தோன்றும் ஃபிரேம் வரை எண்ணுங்கள். சாதாரண போன் வீடியோ விநாடிக்கு 30 ஃபிரேம். எங்களுக்கு வெள்ளை வண்டியில் 129 ஃபிரேம் வந்தது, அதாவது 4.3 விநாடி. நீலத்தில் 87, அதாவது 2.9.

1.4 விநாடி ஒரு வித்தியாசமா என்று தோன்றும். 40க்கும் 80க்கும் நடுவே சராசரி 60 என்று வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் வண்டி போவது 23 மீட்டர். எதிரே 60ல் வருகிற பஸ்ஸும் 23 மீட்டர் உங்களை நோக்கி வந்திருக்கும். இரு வழிச்சாலையில் லாரியைத் தாண்டும்போது கிட்டத்தட்ட நான்கு பஸ் நீளம் கூடுதலாகக் கையில் இருக்கிறது அல்லது இல்லை. நான் 0-100ஐ விட்டுவிட்டு 40-80ஐ எடுத்துக்கொள்வது இதனால்தான். நின்ற இடத்தில் இருந்து 100 தொடும் தேவை வாழ்க்கையில் எத்தனை முறை வந்திருக்கிறது?

ஒரு திருத்தம் மட்டும் உண்டு. ஸ்பீடோமீட்டர்கள் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். 80ல் சீராகப் போகும்போது போனின் ஜிபிஎஸ் என்ன காட்டுகிறது என்று ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டி 78 என்றும் இன்னொன்று 74 என்றும் சொன்னால் ஃபிரேம் கணக்கை அதற்கேற்ப எடைபோட வேண்டும்.

ஐந்தாம் படி: பிரேக்

மின்வண்டியில் பிரேக் மிதியின் கீழே இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். முதலில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தை மின்சாரமாக்கும். அது போதாதபோது டிஸ்க் பிரேக் கைகொடுக்கும். இந்தக் கைமாற்றம் தெரியாமல் நடந்தால் நல்ல வண்டி.

60ல் இருந்து, பின்னால் யாரும் வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, சிக்னலுக்கு நிறுத்துவது போல மெதுவாக ஒரே அழுத்தமாக மிதித்துக்கொண்டே வாருங்கள். கடைசி 10 கி.மீ. வேகத்தில் கவனியுங்கள். பெரும்பாலும் அங்கேதான் கைமாற்றம் நடக்கும். நீல வண்டியில் அந்த இடத்தில் பிடி ஒரு கணம் தளர்ந்து மறுபடி பிடித்தது, தலை லேசாக ஆடியது. பிக்கப்பில் ஜெயித்த அதே வண்டி.

ரீஜெனைக் கூட்டிக் குறைத்தும் பாருங்கள். கிரெட்டா எலெக்ட்ரிக், பிஇ 6 போன்றவற்றில் ஆக்ஸிலரேட்டரை விட்டாலே நின்றுவிடும் ஒற்றை மிதி வசதி உண்டு. ஓட்டுபவருக்குச் சுகம். பின்னால் இருப்பவருக்கு? அம்மா இங்கேதான் வருகிறார். மாமா ரீஜெனை உச்சத்தில் வைத்துக்கொண்டு உற்சாகமாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாவது நிமிஷம் அம்மா மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்தார். பத்தாவது நிமிஷம் ஜன்னலை இறக்கச் சொன்னார். "ஏன் தம்பி, நீச்சல் அடிக்கற மாதிரியே இருக்கு, குமட்டுது" என்றார். காலை எடுக்கும்போதெல்லாம் வண்டி பின்னுக்கு இழுக்க, தலை முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஓட்டுபவரின் மூளை அதை எதிர்பார்த்துத் தயாராக இருக்கும், பின் சீட்டுக்கு எதுவும் தெரியாது. ஆகவே ரீஜென் எத்தனை நிலை, அதை எவ்வளவு எளிதாகக் குறைக்கலாம், வண்டியை அணைத்துப் போட்டால் வைத்த நிலை நினைவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் திரைக்குள் மூன்று மெனு தாண்டிப் போய் மாற்ற வேண்டியிருந்தால், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டி மாற்றும் துடுப்பு வைத்த வண்டியே மேல்.

ஆறாம் படி: கெட்ட ரோட்டைத் தேடிப் போங்கள்

என்னைக் கேட்டால் மொத்த டெஸ்ட் டிரைவிலும் பாதி நேரத்தை இங்கே செலவிடலாம்.

கனமான வண்டியைத் தாங்க ஸ்பிரிங் கடினமாக இருக்க வேண்டும். கடினமான ஸ்பிரிங் அழுத்தப்பட்டால் பலமாகத் திருப்பி உதைக்கும். அந்த உதையை அடக்குவது ஷாக் அப்சார்பர். விலையைக் குறைக்க நினைக்கிற கம்பெனி முதலில் கை வைக்கிற இடமும் இதுதான், ஏனென்றால் ஷோரூம் வெளிச்சத்தில் ஷாக் அப்சார்பர் யார் கண்ணுக்கும் தெரியாது. திரை பெரிதாக இருந்தால் தெரியும்.

சோதனை எளிது. விதிப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமுமாக மெல்ல எழுந்து இறங்கும். அதில் எல்லா வண்டியும் நல்ல பிள்ளைதான். தெருக்காரர்களே கட்டிய, திடுக்கென்று எழும் ரகம் ஒன்றைப் பிடியுங்கள். 25ல் ஏறி இறங்குங்கள். முதல் குலுக்கல் எல்லா வண்டியிலும் இருக்கும், அதை விட்டுவிடுங்கள். இறங்கிய பிறகு பின்பக்கம் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுங்கள். ஒரே முறை எழுந்து அமர்ந்தால் பிரமாதம். இரண்டாவது ஆட்டம் இருந்தால் பரவாயில்லை ரகம். மூன்றாவதும் வந்தால், நெடுஞ்சாலையில் பாலத்தின் இணைப்புகளைத் தாண்டும்போது அந்த வண்டி தொட்டில் ஆட்டும். ஓட்டிக்கொண்டே எண்ணுவது கஷ்டம், அதனால் தண்ணீர் பாட்டிலில் பாதி வைத்து டேஷ்போர்டுக்கு நடுவே உள்ள இடத்தில் நிற்க வைத்து அக்காவை எண்ணச் சொன்னோம். தண்ணீர் பொய் சொல்லாது.

அடுத்தது சின்ன அடி. சர்வீஸ் ரோட்டில் ஜல்லி பெயர்ந்த இடத்தில் 30, 40ல் போங்கள். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எஞ்சின் சத்தம் இல்லாததால் டயரின் உறுமலும் சஸ்பென்ஷனின் டொக் டொக்கும் மின்வண்டியில் பெரிதாகக் கேட்கும். மந்தமான 'தொப்' என்றால் பிரச்சினை இல்லை. இரும்பில் இரும்பு தட்டும் 'டக்' என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் ரோட்டின் ஓரத்து மண்ணில் இறக்கி, மெதுவாக மேலே ஏற்றுங்கள். தலை இடமும் வலமுமாக ஆடுகிறதா? உயரமான, கனமான, கடின ஸ்பிரிங் வண்டிகளின் வியாதி இது. ஹாரியர் இவியில் அதிர்வின் வேகத்துக்கேற்ப இறுக்கம் மாறும் ஷாக் அப்சார்பரும், பிஇ 6ன் மேல் வகையில் மின்னணுக் கட்டுப்பாட்டில் இறுக்கம் மாறுவதும் இந்த மாதிரி இரட்டை வேலைக்காகத்தான். சின்ன அடிக்கு மென்மை, பெரிய அலைக்கு இறுக்கம். மேல் வகையில் மட்டும் கிடைப்பதைக் கீழ் வகையிலும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு சின்ன விலகல். இந்த வண்டிகளில் சில நம் ஊர் ரோட்டிலேயே வளர்ந்தவை. மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டு பக்கம், அவர்களுடைய சோதனைத் தடம் செய்யாறு அருகே. கிரெட்டா எலெக்ட்ரிக் உருவாவது ஸ்ரீபெரும்புதூர் பக்கம். வியட்நாம் கம்பெனி வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் ஆலை திறந்தது. நம்ம ஊரில் செய்தது என்பதாலேயே நம்ம ஊர்க் குழி அதற்குப் பழகியிருக்கும் என்று சொல்ல முடியாது, பாட்டிலை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஏழாம் படி: மலை ஏறுங்கள்

ஷோரூமில் முகம் சுளிப்பார்கள். வாங்குவது உறுதி, இந்த மூன்றில் ஒன்று என்று சொல்லிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தாவது ஓட்டுங்கள். எங்களுக்கு ஏற்காடு பக்கம் என்பதால் 20 கொண்டை ஊசி வளைவும் கிடைத்தன. கோவைக்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் தாண்டினால் போதும். நாமக்கல்காரர்களுக்குக் கொல்லிமலையின் 70 வளைவு இருக்கிறது. முதல் முறையே அங்கே போக வேண்டாம், அம்மா பாவம்.

மலையில் எடை ஒளிய முடியாது. சேலத்தில் இருந்து ஏற்காடு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். 1,800 கிலோ வண்டியும் நான்கு பேருமாகச் சேர்த்து 2,080 கிலோவை அவ்வளவு உயரம் தூக்கி வைக்க மட்டும் 6.8 யூனிட் ஆகும். இபி பில்லில் வருகிற அதே யூனிட்தான், கிலோவாட் ஹவர் என்பதும் அதுவே. 45 யூனிட் பேட்டரி என்றால் தூக்கும் வேலைக்கே 15 சதவீதம் போய்விடும். டயர் உராய்வு, ஏசி எல்லாம் தனி. 400 கிலோ கனமான வண்டிக்கு இன்னும் 1.3 யூனிட் கூட.

ஏறும்போது பார்க்க வேண்டியது ஒன்று. மூன்றாவது வளைவில் 20ல் இருந்து 40 வர எவ்வளவு நேரம், பதினெட்டாவது வளைவில் எவ்வளவு? சூடு ஏறினால் சில வண்டிகள் தம்மைக் காத்துக்கொள்ளப் பவரைக் குறைக்கும். திரையில் பவர் காட்டும் அளவின் மேல் எல்லை சுருங்கினால் அதுதான் அறிகுறி. மே மாத மதியத்தில் ஏறினால் உண்மை சீக்கிரம் தெரியும்.

வளைவுக்குள் நுழைந்ததும் ஸ்டீயரிங்கைக் கவனியுங்கள். திருப்பிய அளவுக்கு மூக்கு திரும்புகிறதா, அல்லது வெளிப்பக்கம் நழுவி இன்னும் கொஞ்சம் திருப்பச் சொல்கிறதா? பேட்டரி கீழே கிடப்பதால் மின்வண்டிகள் உயரத்தின் அளவுக்குச் சாய்வதில்லை, நம்பிக்கையாகவே இருக்கும். அந்த நம்பிக்கைதான் ஆபத்து. சாயாத வண்டியும் கனமான வண்டிதான். 30ல் எடுத்த வளைவை 40ல் எடுத்தால் டயர் தாங்க வேண்டிய பக்க விசை 1.78 மடங்காகும், வண்டி உங்களிடம் அதைச் சொல்லாது. வளைவு முடிந்து மிதிக்கும்போது முன் சக்கர வண்டி வெளிப்பக்கம் தள்ளும், பின் சக்கர வண்டி பின்னால் இருந்து உந்தும். மாமாவுக்கு அது மூன்றாவது வளைவிலேயே புரிந்துவிட்டது. "இது பழைய அம்பாசடர் மாதிரி பின்னாடி தள்ளுது மாப்ள" என்றார்.

இறங்குவதில்தான் மின்வண்டியின் அழகு. ரீஜெனைக் கூட்டி வைத்தால் அடிவாரம் வரை டிஸ்க் பிரேக்குக்கு வேலையே இருக்காது, ஏறும்போது செலவான மின்சாரத்தில் ஒரு நல்ல பங்கும் திரும்ப வரும். ஆனால் மேலே லாட்ஜில் ராத்திரி 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் இறங்காதீர்கள். பேட்டரியில் இடம் இல்லாததால் ரீஜென் வேலை செய்யாது. நேற்று மிதியில் இருந்து காலை எடுத்ததும் நின்ற வண்டி இன்று உருண்டுகொண்டே போகும். 80, 85ல் நிறுத்திவிட்டு இறங்குங்கள். டெஸ்ட் டிரைவில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது: பேட்டரி நிரம்பியிருக்கும்போது அதே பிரேக் உணர்வு வருமாறு வண்டி டிஸ்க்கை வைத்து ஈடுகட்டுகிறதா, இல்லையா? சேல்ஸ் தம்பிக்குத் தெரியாது. சர்வீஸ் பிரிவில் கேளுங்கள்.

எட்டாம் படி: நெடுஞ்சாலை

இது சீக்கிரம் முடிந்துவிடும். கோவை ரோட்டில் 90, 100ல் பத்து நிமிஷம். ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்து நேரே போங்கள். நிமிஷத்துக்கு எத்தனை முறை சின்னச் சின்னதாகத் திருத்த வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். லாரியைத் தாண்டும்போது காற்று தள்ளுவதைக் கவனியுங்கள். லேன் மாறியதும் வண்டி ஒரே அசைவில் அமர்கிறதா, பின்பக்கம் தாமதமாக வந்து சேர்கிறதா? சாம்பல் வண்டி ஊருக்குள் தோற்றாலும் இங்கே தண்டவாளத்தில் போகிற மாதிரி போனது.

டிரிப் மீட்டரை பூஜ்யமாக்கிவிட்டு 80ல் ஐந்து கி.மீ., 100ல் ஐந்து கி.மீ. போய் யூனிட் செலவைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றின் எதிர்ப்பு 80ஐ விட 100ல் 1.56 மடங்கு. பெட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கும் எஸ்யூவியும் பின்னால் சரிந்து இறங்கும் கூபே வடிவமும் இந்த இடத்தில் பிரிந்துவிடும்.

ஒன்பதாம் படி: இறங்கியதும் எழுதுங்கள், மார்க் போடாதீர்கள்

நாங்கள் முதலில் பத்துக்கு எட்டு, பத்துக்கு ஏழு என்று போட்டுப் பார்த்தோம். மூன்று வண்டிக்கும் கூட்டினால் 71, 72, 70 வந்தது. ஒன்றுக்கும் உதவாது. பிறகு ஆளுக்கு ஒரு வரி, வண்டியில் இருந்து இறங்கும் முன்பே எழுதச் சொன்னேன். மாமா நீல வண்டிக்கு "பறக்குது" என்று எழுதினார். அக்கா அதற்கே "நிறுத்தும்போது பயமா இருக்கு" என்று எழுதினார். காற்றைச் சரிசெய்த வெள்ளை வண்டிக்கு அம்மா சொன்னது, "தூங்கிட்டேன்."

வெள்ளைதான் வாங்கினார்கள். 129 ஃபிரேம் வண்டி. மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கையெழுத்துக்கு முன் கடைசி வேலை ஒன்று. டெஸ்ட் டிரைவ் வண்டி பெரும்பாலும் உச்ச வகையாக இருக்கும். நீங்கள் வாங்கப் போகும் வகையில் அதே மோட்டார், அதே பேட்டரி, அதே டயர் அளவு, அதே ஷாக் அப்சார்பர் இருக்கிறதா என்று கேளுங்கள், வாய்ச்சொல்லாக இல்லாமல் புக்கிங் ஃபார்மிலேயே எழுதி வாங்குங்கள். வண்டி டெலிவரி எடுக்கும் அன்று பூமாலை போடுவதற்கு முன்னால், டிரைவர் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பார்த்து டயர் காற்றைச் சரி பாருங்கள். எங்களுக்கு அன்றும் 42தான் இருந்தது.